திருநங்கை, திருநம்பி வரலாற்றை நினைவுகூர ஒரு கூட்டம் நடத்தப் போறீங்களா? முதல் தடவை பண்றவங்களுக்கு

நவம்பர் வந்தா போதும், யாராவது ஒரு காலேஜ் பசங்களோ வாசகர் வட்டமோ வாட்ஸ்அப்ல கேட்பாங்க, "திருநங்கைகள் வரலாறு பத்தி ஒரு நிகழ்ச்சி வைக்கிறோம், ஒரு இருபது பேர் லிஸ்ட் அனுப்புங்களேன்"னு. லிஸ்ட் அனுப்புறது ரெண்டு நிமிஷ வேலை. ஆனா அந்த லிஸ்ட்டை பிரிண்ட் எடுத்து சுவத்துல ஒட்டி, ரெண்டு மெழுகுவர்த்தி ஏத்தி, போட்டோ எடுத்துட்டு கிளம்பினா அது நினைவுகூரல் இல்லைங்க, நோட்டீஸ் போர்டு. கொஞ்சம் மெனக்கெட்டா ரொம்ப நல்லா பண்ணலாம், செலவும் அப்படி ஒண்ணும் ஆகாது. ஒரு சுவர் நிறைய கார்டு, சாயங்காலம் ஒரு ரெண்டு மணி நேர கூட்டம், இவ்வளவுதான் இங்க இலக்கு. அதை எப்படி பண்றதுன்னு வரிசையா சொல்றேன்.

முதல்ல தேதி

மூணு தேதி இருக்கு, மூணும் வேற வேற மனநிலை.

நவம்பர் 20 உலகம் முழுக்க கடைப்பிடிக்கிற நினைவு நாள். இது எங்க இருந்து வந்துச்சுன்னு தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லது, ஏன்னா கூட்டத்துல யாராவது கண்டிப்பா கேட்பாங்க. அமெரிக்காவுல பாஸ்டன் பக்கம் ஆல்ஸ்டன்ல ரீட்டா ஹெஸ்டர்னு ஒரு கறுப்பின திருநங்கை, 1998 நவம்பர் 28 அன்னிக்கு அவங்க வீட்லயே கொல்லப்பட்டாங்க. அதே ஏரியாவுல மூணு வருஷம் முன்னாடி 1995 நவம்பர்ல ஷனெல் பிக்கெட்னு இன்னொருத்தங்க கொல்லப்பட்டிருந்தாங்க, ஆனா ரீட்டா பத்தி பேசினப்போ நிறைய பேருக்கு ஷனெல் பேரே ஞாபகம் இல்ல. இது க்வென்டலின் ஆன் ஸ்மித்ங்கிற திருநங்கை எழுத்தாளருக்கு பொறுக்கல, இறந்தவங்க பேரை சேர்த்து வைக்க இணையத்துல ஒரு பக்கம் ஆரம்பிச்சாங்க, 1999ல அஞ்சலிக் கூட்டமும் நடந்துச்சு, அப்படியே வருஷா வருஷம்னு ஆயிடுச்சு. அதாவது இந்த நாள் ஆரம்பிச்சதே மூணு வருஷத்துல மறந்துட்டாங்களேங்கிற கோவத்துல.

ஏப்ரல் 15 நம்ம ஊரு தேதி. 2008ல இதே நாள்லதான் தமிழ்நாட்டுல திருநங்கைகள் நல வாரியம் அமைஞ்சுது, 2011ல இருந்து அரசு இதை திருநங்கையர் தினமா கொண்டாடுது. அப்புறம் 2014ல சுப்ரீம் கோர்ட்ல நால்சா (தேசிய சட்டப் பணிகள் ஆணையம்) வழக்குல ராதாகிருஷ்ணன், சிக்ரி ரெண்டு நீதிபதிகளும் தீர்ப்பு சொன்னதும் ஏப்ரல் 15தான். தன் பாலினத்தைச் சொல்ற உரிமை அவங்கவங்களுக்கேன்னு சொன்ன தீர்ப்பு அது.

மூணாவது சித்திரை பௌர்ணமியை ஒட்டி வர்ற கூவாகம். கள்ளக்குறிச்சி மாவட்டத்துல கூத்தாண்டவர் கோயில், அரவானுக்குத் தாலி கட்டிக்கிட்டு மறுநாள் பந்தலடியில தாலி அறுத்து வளையல் உடைச்சு வெள்ளைப் புடவை கட்டி ஒப்பாரி வைக்கிறது எல்லாருக்கும் தெரியும். டிவிக்காரங்க அதுக்கு முந்தின நாள் அழகிப் போட்டியை காட்டிட்டு கிளம்பிடுவாங்க. ஆனா அந்த அழுகையில கலந்துக்கிட்டவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அரவானுக்கு மட்டும் அழல, அந்த வருஷம் போன தோழிக்கு, குருவுக்கு, வீட்டை விட்டு வந்தப்போ விட்டுட்டு வந்த அம்மாவுக்கு, எல்லாத்துக்கும் சேர்த்துதான் அழறோம்னு சொல்றவங்க உண்டு. நவம்பர் 20ங்கிறது வெளிநாட்டு சரக்குன்னு யாராவது முகம் சுளிச்சா இதைச் சொல்லுங்க, வருஷத்துக்கு ஒரு தடவை கூடி அழறது இங்க பழசுதான்.

எதை எடுக்கறது? முதல் தடவைன்னா என் ஓட்டு ஏப்ரல் 15க்கு. நவம்பர் 20 கனமான நாள், கொலைகளைப் பத்தி பேசணும், அதை பக்குவமா நடத்த கொஞ்சம் அனுபவம் வேணும், இல்லேன்னா வந்திருக்கிற திருநங்கைகளே "எங்களைப் பொணமாத்தான் ஞாபகம் வச்சுக்குவீங்களா"ன்னு கேட்டுட்டு எழுந்து போயிடுவாங்க. கூவாகம் சமயத்துல மட்டும் எதுவும் வைக்காதீங்க, கூப்பிடுற எல்லாரும் அங்கதான் இருப்பாங்க.

பேர் தேடறதுக்கு முன்னாடி ஆள் தேடுங்க

கூகுள் அப்புறம். உங்க ஊர்லயே இருக்கிற திருநங்கைகள், திருநம்பிகள் (பிறந்தப்போ பொண்ணுன்னு சொல்லப்பட்டு ஆணா வாழறவங்க) கிட்ட பேசாம இந்த வேலையை ஆரம்பிக்காதீங்க. பெரும்பாலான ஊர்ல ஒரு ஜமாத், அதாவது திருநங்கைகள் தங்களுக்குள்ள வச்சிருக்கிற குடும்பக் கூட்டம், இருக்கும், அதுல மூத்தவங்க, தலைவியான நாயக், குரு, சிஷ்யையான சேலான்னு ஒரு அமைப்பு இருக்கும், தமிழ்ல அதை அம்மா, மகள், நானி (பாட்டி)ன்னு குடும்பமாவே சொல்வாங்க. ஜமாத்துக்கு வெளிய சங்கம், தொண்டு நிறுவனம்னு வேலை செய்யறவங்களும் இருப்பாங்க, ரெண்டு பக்கமும் பேசுங்க, ஒருத்தர்கிட்ட மட்டும் பேசிட்டு "சமூகமே சொல்லிடுச்சு"ன்னு நினைக்காதீங்க. திருநம்பிகள் ஜமாத்துக்குள்ள வரமாட்டாங்க, அவங்களைத் தனியாத் தேடணும், தேடலேன்னா சுவத்துல அவங்க இருக்கவே மாட்டாங்க, நம்ம ஊர் நிகழ்ச்சி பத்துல எட்டுல இதான் நடக்குது.

போறப்ப மூத்தவங்களை அம்மான்னு கூப்பிடுங்க, நம்மளைவிடக் கொஞ்சம் பெரியவங்கன்னா அக்கா. ஜமாத்துக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் "பாம்படுத்தி"ன்னு வணக்கம் சொல்லிப்பாங்க, அதை நீங்க கத்துக்கிட்டுப் போய் முதல் நாளே சொல்லி இம்ப்ரெஸ் பண்ண வேண்டாம், சாதாரணமா வணக்கம்னாலே போதும். காலையில சீக்கிரம் போகாதீங்க, கடை கடையா காசு கேட்கப் போற நேரத்துலயும் போகாதீங்க, அது அவங்க அன்னன்னிக்கு வருமானம். போன் பண்ணி நேரம் கேட்டுட்டுப் போறது நல்லது.

காசு விஷயம். பேச வர்றவங்களுக்கு மரியாதைத் தொகை கொடுத்தே ஆகணும், ஆட்டோ செலவு தனி. டாக்டரேட் வாங்கின ஒருத்தரை கூப்பிட்டா கவர்ல வச்சு கொடுப்பீங்கல்ல, இவங்களுக்கு மட்டும் என்ன சால்வையும் ஒரு மெமெண்டோவுமா? பட்ஜெட் போடறப்ப முதல் வரியா இதை எழுதிடுங்க, பேனர் அப்புறம்.

சேர்ந்து முடிவெடுக்க வேண்டிய விஷயங்க முதல் சந்திப்புலயே பேசிடுங்க: யார் பேர் சுவத்துல வரணும், யார் பேர் வரக்கூடாது, யார் மைக் பிடிப்பாங்க. சில பேர் பேரை போடவேண்டாம்னு சொல்வாங்க, குடும்பத்துக்குத் தெரியாது, இல்லேன்னா அந்தக் குடும்பம் இன்னும் அதே தெருவுல இருக்கு. காரணம் கேட்டு நச்சரிக்காம விட்டுடுங்க.

சுவத்துல யாரு

இங்கதான் எல்லாரும் ஒரே தப்பு பண்றாங்க, "முதல் திருநங்கை" லிஸ்ட். முதல் போலீஸ், முதல் வக்கீல், முதல் டாக்டர்னு. அது தப்பான தகவல்னு சொல்லல, ஆனா அப்படியே ஒட்டினா வேலை கிடைச்சவங்க மட்டும்தான் வரலாறுன்னு ஆயிடும். அதனால நான் சொல்றது, பேரை வச்சு ஆரம்பிக்காம இழையை வச்சு ஆரம்பிங்க. நாலஞ்சு இழை எடுத்துக்கோங்க, ஒவ்வொண்ணுலயும் மூணு நாலு கார்டு. இருபது கார்டுக்கு மேல போனா யாரும் நின்னு படிக்க மாட்டாங்க.

ஒரு இழை, சட்டம் எப்படி நசுக்குச்சு. 1871 குற்றப் பழங்குடிகள் சட்டம்னா நமக்கு கள்ளர், குறவர்னுதான் ஞாபகம் வரும், அதோட ரெண்டாம் பகுதி முழுக்க அந்தச் சட்டம் "யூனக்"னு பேர் வச்ச ஹிஜ்ராக்களை, அதாவது வடக்க இருக்கிற திருநங்கை சமூகத்தைப் பத்தினது. பேரைப் பதிவேட்டுல ஏத்தணும், ஏத்தினவங்க பொது இடத்துல பொம்பளை உடுப்புல இருந்தாலோ ஆடினாலோ பாடினாலோ வாரண்ட் இல்லாமலே பிடிக்கலாம், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில். அதைவிட மோசம், பதிவானவங்க உயில் எழுத முடியாது, தத்து எடுக்க முடியாது. குருகிட்ட இருந்து சேலாவுக்குப் போற சொத்து, வீடு, உறவு எல்லாத்தையும் ஒரே வெட்டுல அறுக்கிற ஏற்பாடு அது. ஒரு எச்சரிக்கை, இது பெரிய அளவுல நடந்தது வட மேற்கு மாகாணங்கள்ல, இன்னிக்கு உத்தரப் பிரதேசம் பக்கம். மெட்ராஸ்ல நடந்த மாதிரி எழுதிடாதீங்க. நம்மளுக்குப் பக்கத்துல வேணும்னா ஹைதராபாத் நிஜாம் காலத்துல வந்த யூனக்ஸ் சட்டம் இருக்கு, அதை 2023ல தான் தெலங்கானா ஹைகோர்ட் தூக்குச்சு, யோசிச்சுப் பாருங்க, 2023.

இன்னொரு இழை, உலகத்துல மத்த இடம். பெர்லின்ல 1919ல மாக்னஸ் ஹிர்ஷ்ஃபெல்ட்ங்கிற டாக்டர் பாலியல் ஆய்வு நிலையம் ஒண்ணு ஆரம்பிச்சார், திருநர்களுக்கு சிகிச்சை, வேலை, தங்க இடம் எல்லாம் அங்க கிடைச்சுது. 1933 மே 6 அன்னிக்கு நாஜி மாணவர்கள் புகுந்து அடிச்சு நொறுக்கி லைப்ரரியை அள்ளிட்டுப் போனாங்க, மே 10 ராத்திரி நடுத்தெருவுல எரிச்சாங்க. வரலாற்றுப் புத்தகத்துல நாஜிக்கள் புத்தகம் எரிக்கிற போட்டோ பாத்திருப்பீங்க, அந்த நெருப்புல இந்த லைப்ரரியும் இருந்துச்சுன்னு எந்த வாத்தியாரும் சொல்லியிருக்க மாட்டாங்க. இந்தக் கார்டு முன்னாடி ஜனங்க நிக்கிறதைப் பாக்கலாம்.

சான் பிரான்சிஸ்கோல டெண்டர்லாயின் ஏரியா, காம்ப்டன்ஸ் கஃபெடேரியா, 1966 ஆகஸ்ட். ராத்திரி போலீஸ்காரன் ஒரு திருநங்கையைக் கையைப் பிடிச்சு இழுக்க, அவங்க காபியை மூஞ்சியிலயே ஊத்த, சர்க்கரை டப்பா பறக்க, கண்ணாடி உடைய, பெரிய கலவரம். 1969ல நியூயார்க் ஸ்டோன்வால் பார்ல போலீஸை எதிர்த்து நடந்த பிரபலமான கலவரத்துக்கு மூணு வருஷம் முன்னாடி. எந்த நாள்னு கேட்டா தேதியே இல்ல, ஏன்னா மறுநாள் பேப்பர்ல ஒரு வரி வரல. பல வருஷம் கழிச்சு சூசன் ஸ்ட்ரைக்கர்ங்கிற திருநங்கை வரலாற்றாசிரியர் தோண்டி எடுத்தப்புறம்தான் உலகத்துக்கே தெரிஞ்சுது. கார்டுல "1966 ஆகஸ்ட்"னு மட்டும் போடுங்க, அழகுக்கு ஒரு தேதி சேர்க்காதீங்க.

திருநம்பிகளுக்கு மைக்கேல் டில்லன் நல்ல கார்டு. இங்கிலாந்துக்காரர், 1915ல பிறந்தவர், 1940கள்ல ஹெரால்ட் கில்லீஸ்ங்கிற சர்ஜன்கிட்ட பல ஆபரேஷன் பண்ணிக்கிட்டார், டாக்டருக்குப் படிச்சு கப்பல்ல வேலை பாத்தார். 1958ல இவர் விஷயத்தை பத்திரிகைக்காரங்க மோப்பம் பிடிச்சு எழுதிட்டாங்க, அதோட இந்தியாவுக்கு வந்து பௌத்தத் துறவி ஆகப் பாத்தார், 1962ல டல்ஹௌசியில இறந்துட்டார். நம்ம நாட்டு மண்ணுலேயே முடிஞ்ச கதைன்னு சொன்னா நிறைய பேர் நம்பவே மாட்டாங்க.

அப்புறம் நம்ம இழை, இதுக்கு மட்டும் கார்டு கூடப் போகலாம், சுவத்துல பாதி இடம் கொடுங்க. தஞ்சை கிட்டப்பா பிள்ளைகிட்ட பரதம் கத்துக்கிட்ட மதுரைக்கார நர்த்தகி நடராஜ், 2019ல பத்மஸ்ரீ. திருநங்கைகளோட வாக்குமூலங்களை தேடிப்போய்க் கேட்டு 2004லயே தமிழ்ல புத்தகமா கொண்டு வந்த ஏ. ரேவதி, 2019ல நியூயார்க் கொலம்பியா யுனிவர்சிட்டி லைப்ரரி முகப்புல டோனி மாரிசன், மாயா ஏஞ்சலோ பேரோட இவங்க பேரும் பேனர்ல ஏறுச்சு, நம்ம ஊர் லைப்ரரியில இவங்க புத்தகம் இருக்கான்னு ஒரு தடவை கேட்டுப் பாருங்க. 2007ல தன் கதையைத் தானே எழுதின லிவிங் ஸ்மைல் வித்யா. 2008ல விஜய் டிவியில ஷோ நடத்தின ரோஸ், அந்தக் காலத்துல வீட்டு ஹால்ல எல்லாரும் உட்கார்ந்து ஒரு திருநங்கை கேள்வி கேட்க, கெஸ்ட் பதில் சொல்றதைப் பாத்தது சின்ன விஷயம் இல்ல. ஹைகோர்ட் வரைக்கும் போய் 2017ல எஸ்.ஐ. ஆன பிரித்திகா யாஷினி. இன்ஜினியரிங் படிச்சு, சாதியையும் பாலினத்தையும் சேர்த்துத்தான் பேசணும்னு நிக்கிற கிரேஸ் பானு, திருநர்களுக்கு எல்லா சாதிப் பிரிவுக்குள்ளயும் தனி இடஒதுக்கீடு வேணும்னு கேக்குறவங்க, கோவில்பட்டி பக்கம் மந்தித்தோப்புல திருநங்கைகளோட பால் பண்ணை கூட்டுறவு உருவானதுலயும் அவங்க உழைப்பு இருக்கு. 2022ல வேலூர் மாநகராட்சி கவுன்சிலரா ஜெயிச்ச கங்கா. வடக்க போனா 2000ல மத்தியப் பிரதேசம் சோஹாக்பூர்ல எம்.எல்.ஏ. ஆன ஷப்னம் மௌசி.

இந்த லிஸ்ட்ல இருக்கிறவங்க பல பேர் உயிரோட, நல்லா, வேலை பாத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க படத்துக்கு மாலை போட்டு வச்சிடாதீங்க சாமி. சிரிக்காதீங்க, நடந்திருக்கு.

கடைசி இழைக்கு பேர் கிடைக்கிறது கஷ்டம், ஆனா அதை விடாதீங்க. 1986ல சென்னையில எடுத்த ரத்தப் பரிசோதனைல தான் இந்தியாவுல முதல்முதலா எச்.ஐ.வி. தெரியவந்துச்சு, அடுத்த இருபது வருஷத்துல எத்தனை திருநங்கைகள் போனாங்கன்னு எந்தக் கணக்கும் ஒழுங்கா இல்ல, ஆஸ்பத்திரி பேப்பர்ல ஆண்னு எழுதி பழைய பேரைப் போட்டு முடிச்சுட்டாங்க. சொந்த வீட்டுக்காரங்க பாடியை வாங்கிட்டுப் போய் முடியை வெட்டி வேட்டி கட்டி எரிச்ச கதைகளை மூத்தவங்க சொல்வாங்க. அதே காலத்துல ஆணுறை பையைத் தூக்கிக்கிட்டு ராத்திரி பஸ் ஸ்டாண்ட் பஸ் ஸ்டாண்டா நடந்து தோழிகளைக் காப்பாத்தினதும் திருநங்கைகள்தான். அவங்க யாருன்னு எந்த இணையதளத்துலயும் இருக்காது, உங்க ஊர் நானிக்குத் தெரியும்.

நானிகிட்ட எப்படிக் கேக்கறது

உண்மையைச் சொன்னா மொத்த வேலையிலயும் இதுதான் சத்து, மிச்சமெல்லாம் யார் வேணா பண்ணலாம்.

"உங்க வாழ்க்கைக் கதையைச் சொல்லுங்க"ன்னு கேட்டா டிவிக்கு சொல்ற அதே கதைதான் வரும், வீட்டை விட்டு ஓடி வந்தேன், அடிச்சாங்க, கஷ்டப்பட்டேன். ஆயிரம் தடவை சொல்லிச் சொல்லி அலுத்துப்போன கதை. அதுக்குப் பதிலா பரம்பரையைக் கேளுங்க. "உங்க அம்மா யாரு, அவங்க அம்மா யாரு, அவங்க எந்த ஊரு?" இதுக்கு பதில் சொல்ல ஆரம்பிச்சா மூணு தலைமுறை மேல போகும், விழுப்புரத்துல ஆரம்பிச்சு பம்பாய், டெல்லின்னு சுத்திட்டு வரும், ஏன்னா அந்தக் காலத்துல இங்க இருந்து ரயிலேறி வடக்கே போய் ஜமாத்துல சேந்தவங்க நிறைய. ஒரு பேப்பர்ல குடும்ப மரம் மாதிரி வரைஞ்சுக்கிட்டே போங்க, அவங்களே விரலை வச்சு "இல்ல இல்ல, இவ அவளுக்கு மகள் இல்ல, தங்கச்சி முறை"ன்னு திருத்துவாங்க. வெள்ளைக்காரன் சட்டம் போட்டு அறுக்கப் பாத்த உறவு எழுத்துல எங்கயும் இல்லாம இப்படி வாயில ஓடிட்டு இருக்கு.

கூடவே கேக்க வேண்டியது: முதல்முதலா புடவை எங்க கட்டினீங்க, யார் எடுத்துக் கொடுத்தா? அப்போ சினிமா தியேட்டர்ல எந்த வரிசையில உட்கார்ந்தீங்க? வீடு வாடகைக்கு யார் கொடுத்தா, எந்தத் தெரு? ரேஷன் கார்டு முதல்ல கையில வாங்கினப்போ எந்தப் பேர் இருந்துச்சு? ஒருத்தங்க இறந்தா யார் தூக்கினா, எங்க புதைச்சாங்க? தெருப் பேரும் தியேட்டர் பேரும் வந்தாத்தான் கேக்குறவங்களுக்கு தன் ஊர்லயே நடந்த வரலாறுன்னு உறைக்கும். கேக்கக் கூடாதது ஒண்ணே ஒண்ணு, ஆபரேஷன். அந்த ஆபரேஷனை அவங்க நிர்வாணம்னு சொல்வாங்க, அதைப் பத்தி அவங்களாப் பேசினா கேட்டுக்கோங்க, நீங்களா வாயைத் திறக்காதீங்க.

ரெக்கார்ட் பண்ண போனே போதும், ஏரோபிளேன் மோடுல போடுங்க, இல்லேன்னா சரியா அழற இடத்துல லோன் வேணுமான்னு கால் வரும். ஃபேனை நிறுத்திடுங்க. ரெக்கார்ட் பண்ணலாமா, எங்க போடலாம், பேர் சொல்லலாமா, முகம் காட்டலாமான்னு நாலு கேள்வியையும் தனித்தனியா கேட்டு, அவங்க சொல்றதை தமிழ்ல ஒரு தாள்ல எழுதி, படிச்சுக் காட்டி கையெழுத்து வாங்குங்க. பேச மட்டும் சரி, பேர் வேண்டாம்னு சொல்றவங்க நிறைய பேர். மனசு மாறிட்டா எப்ப வேணா எடுத்துடச் சொல்லலாம்னும் அதுலயே எழுதுங்க. ஒரு காப்பி அவங்க போனுக்கு அனுப்பிடுங்க, இது முக்கியம், எத்தனையோ பேர் வந்து பேட்டி எடுத்துட்டுப் போயிட்டாங்க, ஒருத்தரும் திருப்பிக் காட்டலேங்கறது எல்லா ஊர்லயும் கேக்குற புகார்.

சரிபாக்கறது

பழைய பேப்பர் தேடணும்னா சென்னையில கன்னிமாரா லைப்ரரி, தரமணி ரோஜா முத்தையா நூலகம். மதுரையில எழுத்தாளர் பிரியா பாபு நடத்துற டிரான்ஸ்ஜெண்டர் ரிசோர்ஸ் சென்டர்ல இந்த விஷயத்துக்குன்னே புத்தகம், பத்திரிகை வெட்டல் எல்லாம் இருக்கு. உலக விஷயத்துக்கு டிஜிட்டல் டிரான்ஸ்ஜெண்டர் ஆர்க்கைவ்னு ஆன்லைன்ல இலவசமா பாக்கலாம். தீர்ப்புகளை பேப்பர்ல வந்த சுருக்கத்தை நம்பாம இந்தியன் கானூன் தளத்துல அசலையே படிங்க. உதாரணத்துக்கு 2019 ஏப்ரல்ல மதுரை கிளையில நீதிபதி சுவாமிநாதன் கொடுத்த தீர்ப்பு, தூத்துக்குடியில கோயில்ல கல்யாணம் பண்ணிக்கிட்ட ஒரு திருநங்கையை மணமகள்னு ஏத்துக்கிட்டு கல்யாணத்தைப் பதிவு பண்ணச் சொன்னது. எல்லாரும் அதை மட்டும்தான் சொல்றாங்க, அதே தீர்ப்புல இன்டர்செக்ஸ் (ஆண், பெண்னு ஒண்ணுல மட்டும் அடங்காத உடலோட பிறக்கிற) குழந்தைகளுக்கு தேவையில்லாம ஆபரேஷன் பண்றதைத் தடை பண்ணச் சொன்னதை யாரும் சொல்றதில்ல. முழுசா படிச்சாத்தான் கிடைக்கும்.

பழைய பேப்பர் படிக்கறப்ப வயித்தெரிச்சலா இருக்கும், தயாரா இருங்க. போலீஸ் சொன்னதை அப்படியே போட்டிருப்பாங்க, கேவலமான வார்த்தைல எழுதியிருப்பாங்க, பழைய பேர், ஆம்பளை விகுதி. தேதி, இடம் ரெண்டை மட்டும் எடுத்துக்கிட்டு மொழியை அங்கயே விட்டுடுங்க. போலீஸ் ஒண்ணு, தோழிகள் ஒண்ணு சொல்ற சாவுகள் உண்டு. 2016 நவம்பர்ல சென்னையில ஒரு போலீஸ் ஸ்டேஷன் வாசல்ல தீக்காயம் பட்டு அப்புறம் செத்துப்போன திருநங்கை விஷயத்துல தற்கொலைன்னு போலீஸ் சொல்லுச்சு, தோழிகள் அதை ஏத்துக்காம தெருவுல உட்கார்ந்து போராடினாங்க. இந்த மாதிரி இடத்துல ரெண்டு தரப்பையும் யார் சொன்னாங்கன்னு பேர் போட்டு எழுதுங்க, நீங்க தீர்ப்பு சொல்லாதீங்க.

நம்ம பக்கம் பரவுற கதையையும் சோதிக்கணும். ஸ்டோன்வால்ல முதல் கல்லை எறிஞ்சது நியூயார்க் திருநர் போராளி மார்ஷா பி. ஜான்சன்னு எல்லா போஸ்டர்லயும் போடறாங்க, ஆனா அவங்களே ஒரு பேட்டியில நான் போய்ச் சேந்தப்போ கலவரம் ஏற்கனவே ஆரம்பிச்சிருச்சுன்னு சொல்லியிருக்காங்க. இதனால அவங்க பெருமை ஒரு துளி குறையாது, அடுத்த வருஷம் சில்வியா ரிவேராவோட சேர்ந்து தெருவுல கிடந்த திருநர் பிள்ளைகளுக்காக ஸ்டார்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சு வீடு பிடிச்சு சோறு போட்டாங்களே, அதை எழுதுங்க. என்னைக் கேட்டா கல்லைவிட சோறு பெரிய விஷயம்.

கார்டு எழுதறது

ஒரு கார்டு நாப்பது வார்த்தைக்கு மேல வேண்டாம். பெரிய எழுத்துல பேர், அவங்க வச்சுக்கிட்ட பேர் மட்டும், கீழ "இயற்பெயர்"னு பழைய பேரைப் போடற பழக்கம் பத்திரிகைக்காரங்ககிட்ட இருக்கு, நம்மளுக்கு வேண்டாம். தன்னை அரவாணின்னு சொல்லிக்கிட்ட மூத்தவங்களை அப்படியே எழுதுங்க, திருநங்கைன்னு சொன்னவங்களை அப்படி. "பல தடைகளைத் தாண்டி சாதித்த"ங்கிற வரியை எந்தக் கார்டுல பாத்தாலும் அடிச்சிடுங்க, என்ன தடைன்னு சொல்லுங்க. உதாரணத்துக்கு ஒண்ணு:

"பிரித்திகா யாஷினி. சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு விண்ணப்பம் போட்டார். படிவத்தில் ஆண், பெண் என ரெண்டே கட்டம். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஹைகோர்ட்டுக்குப் போனார். 2015 நவம்பரில் தீர்ப்பு அவர் பக்கம் வந்தது. 2017ல் பணியில் சேர்ந்தார்."

அவ்வளவுதான். ஒரு பெயரடை கூட இல்ல, படிச்சா ரெண்டு கட்டம்ங்கிறது மண்டையில நிக்கும். சாவு பத்தின கார்டுல எப்படிக் கொன்னாங்கன்னு விவரம் வேண்டாம், பேர், ஊர், வயசு, என்ன வேலை பாத்தாங்க, போதும். போட்டோவுக்கு அனுமதி இல்லேன்னா அந்த இடத்துல அவங்க ஊர்ப் பேரைப் பெருசா எழுதிடலாம்.

அன்னிக்கு சாயங்காலம்

ஹாலுக்குள்ள வச்சுக்கிட்டா வேலை பாதி குறையும், ரோட்டுல மெழுகுவர்த்தி ஊர்வலம்னா போலீஸ் அனுமதி வாங்கணும், முதல் தடவைக்கு வேண்டாத தலைவலி. வாட்ச்மேன்கிட்ட முன்னாடியே பேசி வைங்க, கேட்ல நிறுத்தி "எங்கம்மா போற"ன்னு கேட்டா வந்தவங்க அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. பாத்ரூம் எதுன்னு யோசிச்சீங்களா? இதை மறக்காத ஒரு நிகழ்ச்சியை நான் இன்னும் பாக்கல. ஒரு பாத்ரூமை எல்லாருக்கும்னு எழுதி ஒட்டிடுங்க, உள்ள தாழ்ப்பாள் வேலை செய்யுதான்னு போட்டுப் பாருங்க.

நிகழ்ச்சி வரிசைல சிறப்பு விருந்தினர் நாலு பேர், அவங்க ஒவ்வொருத்தருக்கும் சால்வை, நன்றியுரைன்னு போட்டா திருநங்கைகள் பேச இருபது நிமிஷம்தான் மிஞ்சும். சால்வையையே தடை பண்ணிடுங்க. முதல் அரை மணி எல்லாரும் சுவரைச் சுத்திப் பாக்கட்டும், அப்புறம் பேர் படிக்கிறது, அதை சமூகத்துல இருந்து ரெண்டு பேர் மாத்தி மாத்தி படிக்கட்டும், உச்சரிப்பை முந்தின நாளே பாத்து வச்சுக்கோங்க. பேர் படிக்கறப்ப பின்னாடி சோக வயலின் போடாதீங்க. அப்புறம் ரெக்கார்ட் பண்ணினதுல இருந்து பத்து நிமிஷம், பேசினவங்களே நேர்ல வந்திருந்தா இன்னும் நல்லது. கேள்வி நேரம் வச்சா கேள்வியை சீட்டுல எழுதி வாங்குங்க, மைக்கைக் கொடுத்தா கண்டிப்பா ஒரு அங்கிள் எழுந்து "இது பிறவியிலயே வர்றதா, இல்ல…"ன்னு ஆரம்பிப்பார்.

போட்டோ எடுக்கலாம்ங்கிறவங்க ஒரு பக்கம், வேண்டாம்ங்கிறவங்க ஒரு பக்கம் உட்கார வைக்கலாம், கேமரா ஒரு பக்கம் மட்டும் திரும்பட்டும். ஃபேஸ்புக் லைவ் வேண்டவே வேண்டாம். சாப்பாடு போடுங்க, டீ பிஸ்கெட் இல்ல, சாப்பாடு. ஒண்ணா உட்கார்ந்து சாப்பிடறப்ப தான் மேடையில சொல்லாத கதையெல்லாம் வரும். எட்டரைக்குள்ள முடிச்சு, வந்தவங்க எல்லாரும் வீடு போய்ச் சேர ஆட்டோவுக்கு ஏற்பாடு பண்ணி, போய்ச் சேந்தாச்சான்னு போன் பண்ணிக் கேளுங்க.

முடிஞ்சப்புறம்

கார்டை எல்லாம் கிழிச்சு குப்பைல போட்டுட்டு அடுத்த வருஷம் திரும்ப முதல்ல இருந்து ஆரம்பிக்கிற கூத்துதான் எங்கயும். ஒரு செட் கார்டை ஜமாத்துக்குக் கொடுங்க, அவங்ககிட்ட முன்கூட்டியே கேட்டுட்டு. ஒரு செட் உங்க காலேஜ் லைப்ரரி இல்ல ஊர் கிளை நூலகத்துல ஒரு ஃபைல்ல. ரெக்கார்டிங்கை சம்மதத் தாளோட சேர்த்து ரெண்டு இடத்துல வைங்க, ஒண்ணு ஹார்ட் டிஸ்க், ஒண்ணு ஆன்லைன்ல, ஃபைல் பேர்ல தேதியும் ஊரும் இருக்கட்டும், பேர் வேண்டாம்னவங்க பேர் ஃபைல்லயும் வரக்கூடாது. பெங்களூர்ல நேஷனல் லா ஸ்கூல்ல காம்ரான்னு ஒரு ஆவணக் காப்பகம் இந்த மாதிரி விஷயங்களைச் சேர்த்து வைக்குது, பேசினவங்க சம்மதிச்சா அங்கயும் கேட்டுப் பாக்கலாம்.

தமிழ் விக்கிப்பீடியால எழுதத் தெரிஞ்ச யாராவது உங்க குழுவுல இருந்தா, அச்சுல வந்த ஆதாரம் இருக்கிற ரெண்டு மூணு பேருக்கு கட்டுரை போடச் சொல்லுங்க, ஏற்கனவே இருக்கிற கட்டுரைல பழைய பேர், தப்பான விகுதி இருந்தா திருத்தச் சொல்லுங்க. நானி சொன்னதை ஆதாரமா அங்க ஏத்துக்க மாட்டாங்க, அதனால அதை ஒரு சின்னப் புத்தகமா நீங்களே அச்சடிச்சுக் கொண்டு வர்றது உத்தமம், முப்பது பக்கம் ஜெராக்ஸ் போட்டு பின் அடிச்சாலும் புத்தகம்தான். அந்தக் குடும்ப மரத்தை நடுப்பக்கத்துல போடுங்க, யார் யார் சம்மதிச்சாங்களோ அவங்க பேர் மட்டும், மத்த இடத்துல வெறும் கட்டம். அடுத்த வருஷம் கூட்டத்துக்கு அந்தப் புத்தகத்தைத் தூக்கிக்கிட்டு நானி வீட்டுக்குப் போங்க, காலியா இருக்கிற கட்டத்துல எதை இப்ப நிரப்பலாம்னு அவங்களே சொல்வாங்க.